ஐயமும் தீர்ப்பும்: லாசே விரேனின் ஓட்டங்களை மதிப்பிடுதல்

பின்லாந்தின் தொலைதூர ஓட்ட வீரர் லாசே விரேன் 1972 மியூனிக் ஒலிம்பிக்கிலும் 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கிலும் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஆகிய இரு ஓட்டங்களிலும் தங்கம் வென்றார். அடுத்தடுத்த இரு ஒலிம்பிக்குகளில் இந்த இரட்டை வெற்றியை அவருக்கு முன் யாரும் பெற்றதில்லை. 2012-இலும் 2016-இலும் பிரிட்டனின் மோ ஃபரா அதைச் செய்யும்வரை வேறு எவரும் அதை எட்டவும் இல்லை. விரேன் தன் இரத்தத்தை முன்கூட்டியே எடுத்துவைத்து, போட்டிக்கு முன் மீண்டும் ஏற்றிக்கொண்டார் என்ற ஐயம் அந்த வெற்றிகளோடு சேர்ந்தே பேசப்பட்டுவருகிறது. அவர் அதை மறுத்தார். எந்தச் சோதனையும் அதை நிறுவவில்லை. எந்த விளையாட்டு அமைப்பும் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கவில்லை. அதே சமயம், ஐயம் பொய் என்று காட்டவும் வழியில்லை. அந்நாளைய இரத்த மாதிரி எதுவும் இன்று சோதனைக்கு இல்லை. முடிவுக்கு வராத ஐயத்தின் நடுவே ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பை எப்படி எடைபோடுவது? எதை அறிந்ததாகச் சொல்லலாம், பிறர்மீது தீர்ப்புச் சொல்லும் உரிமை எவ்வளவு என்னும் பழைய தத்துவ, சமயக் கேள்விகள் இதற்குள் அடங்கியிருக்கின்றன.

ஓட்டங்கள்

விரேன் 1949-இல் மூர்ஸ்குலா என்ற சிற்றூரில் பிறந்தவர்; காவலராகப் பணிபுரிந்தவர். மியூனிக்கில் 1972 செப்டம்பர் 3 அன்று நடந்த 10,000 மீட்டர் இறுதி ஓட்டத்தில், பாதித் தூரத்தை எட்டுவதற்குச் சற்று முன் அவர் தடுக்கி விழுந்தார். துனிசியாவின் முகமது கம்மூதியும் அவரோடு விழுந்தார். விரேன் எழுந்து ஓடி, முன்னே சென்ற கூட்டத்தைப் பிடித்து, 27 நிமிடம் 38.4 விநாடியில் முடித்தார். அது உலக சாதனை. பெல்ஜியத்தின் எமில் புட்டமன்ஸ் ஒரு விநாடிக்குச் சற்றே கூடுதலான இடைவெளியில் இரண்டாவதாக வந்தார். ஒரு வாரம் கழித்து 5,000 மீட்டரிலும் விரேன் வென்றார்.

அடுத்த நான்கு ஆண்டுகளில் அவர் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. 1974-இல் ரோம் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் 5,000 மீட்டரில் வெண்கலம் பெற்றதோடு சரி. மாண்ட்ரியலில் மீண்டும் பழைய வலிமையோடு வந்தார். 10,000 மீட்டரில் போர்ச்சுகலின் கார்லோஸ் லோபஸை வென்றார். நான்கு நாள் கழித்து 5,000 மீட்டரில் நியூசிலாந்தின் டிக் குவாக்ஸை அரை விநாடிக்கும் குறைவான இடைவெளியில் முந்தினார். மறுநாளே மாரத்தான் ஓடி ஐந்தாவதாக வந்தார். ஆப்பிரிக்க நாடுகள் பல அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்திருந்தன. எத்தியோப்பியாவின் மிருட்ஸ் யிஃப்டர் போன்றோர் களத்தில் இல்லை. ஆயினும் ஒரே வாரத்துக்குள் இத்தனை ஓட்டங்களை ஓடி இப்படி முடித்தது பலரை வியக்கவைத்தது, சிலரை ஐயுறவும் வைத்தது.

ஐயத்தின் வேர்கள்

தொலைதூர ஓட்டத்தில் தசைகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் போய்ச் சேருகிறது என்பது வெற்றியைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஆக்சிஜனைச் சுமப்பது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின். ஒருவர் உடலிலிருந்து இரத்தம் எடுத்துப் பதப்படுத்தி வைத்தால், சில வாரங்களில் உடல் அந்த இழப்பை ஈடுசெய்துவிடும். பிறகு அந்த இரத்தத்தைத் திரும்ப ஏற்றினால் சிவப்பணுக்கள் இயல்பளவைத் தாண்டி நிற்கும். இம்முறை உழைப்புத்திறனைக் கூட்டுகிறது என்பதை ஸ்வீடனின் உடலியல் அறிஞர் பியோர்ன் எக்ப்ளோமும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வில் காட்டினார்கள். அந்த ஆய்வு வெளியானது 1972-இல், விரேன் மியூனிக்கில் வென்ற அதே ஆண்டில்.

விரேன்மீது ஐயம் கொண்டவர்கள் மூன்று காரணங்களைச் சொன்னார்கள். முதலாவது, அவர் உச்சத்தைத் தொட்டது ஒலிம்பிக் ஆண்டுகளில் மட்டுமே. இரண்டாவது, இரத்தமேற்றும் அறிவியல் அப்போது வட ஐரோப்பாவில்தான் வளர்ந்துகொண்டிருந்தது. மூன்றாவது, அவருடைய நாட்டவர் சிலரைப் பற்றிப் பின்னாளில் வெளிவந்த செய்திகள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் வெள்ளியும் 5,000 மீட்டரில் வெண்கலமும் வென்ற கார்லோ மானிங்கா, சமயப்பற்று மிகுந்தபின் தாம் இரத்தம் ஏற்றிக்கொண்டதை ஒப்புக்கொண்டார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் இரண்டாவதாக வந்த மார்ட்டி வைனியோவின் பதக்கம், தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டு உடலில் கண்டறியப்பட்டதால் பறிக்கப்பட்டது.

விரேன் தரப்பிலும் விடை இருந்தது. நியூசிலாந்தின் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் 1960-களின் பிற்பகுதியில் பின்லாந்தில் பணியாற்றியவர். நீண்ட தூர ஓட்டத்தால் அடித்தளம் இட்டு, ஒரு குறிப்பிட்ட நாளில் உச்சத்தை எட்டும்படி பயிற்சியைப் படிப்படியாகக் கூர்மையாக்குவது அவருடைய முறை. விரேனின் பயிற்சியாளர் ரோல்ஃப் ஹைக்கோலா அந்த வழியில்தான் திட்டமிட்டார். இடைப்பட்ட ஆண்டுகளில் தோற்றாலும் பரவாயில்லை, ஒலிம்பிக் நாளில் வென்றால் போதும் என்பதே இலக்கு.

ஐயத்துக்கும் தீர்மானத்துக்கும் இடையே

இந்தியத் தருக்க மரபு இவ்விடத்தில் தெளிவான கருவிகளைத் தருகிறது. நியாய தரிசனம் அறியவேண்டிய பொருள்களைப் பதினாறாக வகுக்கிறது. அவற்றில் ஐயம் மூன்றாவது, தீர்மானம் ஒன்பதாவது. நடுவே பயன், எடுத்துக்காட்டு, ஏற்கெனவே நிலைபெற்ற கொள்கை, அனுமானத்தின் உறுப்புகள், தருக்கம் என ஐந்து படிகள் உண்டு. ஐயத்தை அம்மரபு குற்றமாகக் கருதவில்லை. ஐயம் எழாமல் ஆராய்ச்சி தொடங்காது. ஆனால் நடுவிலுள்ள படிகளைத் தாண்டி நேரே தீர்மானத்தில் குதிப்பவர் ஆராய்ந்தவர் ஆகமாட்டார்.

தமிழில் மணிமேகலை 29-ஆம் காதை அனுமானத்தின் பிழைகளைப் பட்டியலிடுகிறது. காரணம் போலத் தோன்றி உண்மையில் காரணம் ஆகாத ஏதுப்போலிகளுள் ஒன்று அநைகாந்திகம். நிறுவ வேண்டிய பொருள் இருக்கும் இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் ஏது அதன் ஒரு வகை. விரேன்மீது சொல்லப்படும் முதல் காரணத்தை இந்த அளவுகோலால் சோதிக்கலாம். ஒலிம்பிக்கில் மட்டும் உச்சம் தொடுவது இரத்தம் ஏற்றியவரிடமும் காணப்படலாம். திட்டமிட்டுப் பயிற்சி செய்தவரிடமும் காணப்படலாம். இரண்டையும் அது பிரித்துக் காட்டவில்லை. எனவே அதைக் கொண்டு ஒன்றை நிறுவ முடியாது.

ஓட்ட நேரங்களும் அப்படியே. ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் 1965-இல் படைத்த 27 நிமிடம் 39.4 விநாடி என்ற உலக சாதனையை விரேன் மியூனிக்கில் ஒரே ஒரு விநாடிதான் குறைத்தார். அடுத்த ஆண்டே பிரிட்டனின் டேவிட் பெட்ஃபோர்டு அதை இன்னும் ஏழு விநாடிக்கு மேல் குறைத்தார். விரேனின் நேரம் அக்காலத்து மனித ஆற்றலின் எல்லைக்குள்தான் இருந்தது. இது அவர் தூய்மையானவர் என்பதற்குச் சான்றாகாது. நேரத்தை வைத்துக் குற்றம் சாட்ட முடியாது என்பதை மட்டுமே காட்டுகிறது.

இந்தப் பிழை எவ்வளவு எளிதில் நேரும் என்பதற்குப் பின்லாந்திலேயே மற்றொரு சான்று உண்டு. பனிச்சறுக்கு வீரர் ஈரோ மான்டிரான்டா 1960 முதல் 1968 வரை மூன்று ஒலிம்பிக்குகளில் ஏழு பதக்கங்கள் வென்றவர். அவருடைய இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு வழக்கத்தைவிட மிக அதிகம். இரத்தத்தில் ஏதோ முறைகேடு செய்திருக்கிறார் என்ற ஐயம் அவரைப் பல ஆண்டுகள் விடாமல் தொடர்ந்தது. பின்னர் விஞ்ஞானிகள் அவருடைய குடும்பத்தாரை ஆராய்ந்து 1993-இல் விடை கண்டார்கள். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனுக்கான ஏற்பியில், பரம்பரையாக வந்த மரபணு மாற்றம் ஒன்று அக்குடும்பத்தில் இருந்தது. அவருடைய இரத்தம் பிறவியிலேயே அப்படிப்பட்டது. அதே மான்டிரான்டா 1972-இல் வேறொரு சோதனையில் ஊக்கமருந்துக்காகப் பிடிபட்டவர் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு குற்றம் உண்மையானது. மற்றொரு குற்றச்சாட்டு வெறும் தோற்றம். ஒரே மனிதரிடம் இரண்டும் இருந்தன. ஒன்று நிறுவப்பட்டதால் மற்றதும் நிறுவப்பட்டதாகிவிடாது.

பல சிறு காரணங்கள் சேர்ந்தால் பெரிய சான்று ஆகாதா என்று கேட்கலாம். ஒன்றையொன்று சாராத காரணங்கள் சேர்ந்தால் ஆகும். இங்கே இரண்டாவது, மூன்றாவது காரணங்கள் ஒரே செய்தியை இரண்டு முறை சொல்கின்றன: இரத்தமேற்றும் முறை அக்காலப் பின்லாந்தில் அறியப்பட்டிருந்தது. விரேனுக்கும் அந்த வாய்ப்பு இருந்திருக்கலாம் என்பதுவரை அவை நம்மைக் கொண்டுசெல்லும். அவர் அதைப் பயன்படுத்தினார் என்பதுவரை கொண்டுசெல்லா. மானிங்காவின் ஒப்புதல் மானிங்காவைப் பற்றிய சான்று. ஒருவர் மனந்திறந்து சொன்னதை மற்றவரின் மறுப்புக்கு எதிரான சாட்சியாக்குவது, சொன்னவரின் நேர்மையையும் தவறாகப் பயன்படுத்துவதாகும்.

அன்றைய விதியும் இன்றைய விதியும்

ஐயம் உண்மையே என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும் அடுத்த கேள்வி எழுகிறது. 1972-இலும் 1976-இலும் இரத்தம் ஏற்றிக்கொள்வதற்குத் தடை இல்லை. ஊக்கிகளைச் சர்வதேசத் தடகள சம்மேளனம் 1928-லேயே தடைசெய்திருந்தது. ஸ்டீராய்டுகளுக்கான ஒலிம்பிக் சோதனை 1976-இல் தொடங்கியது. இரத்தமேற்றல் தடைப்பட்டியலில் சேர்ந்தது 1980-களின் நடுவில். மானிங்காவின் பதக்கங்கள் பறிக்கப்படாததற்கும் இதுவே காரணம்.

விதி இல்லாத இடத்தில் குற்றம் இல்லை என்பது சட்டத்தின் அடிப்படை. அறநெறி அத்தோடு நின்றுவிடுவதில்லை. தத்துவ அறிஞர் பெர்னார்ட் சூட்ஸ் 1978-இல் வெளியான தம் நூலில் விளையாட்டுக்கு ஒரு வரையறை தந்தார். எளிய வழி இருக்கும்போதே அதை விலக்கிவிட்டுக் கடினமான வழியை மனமுவந்து ஏற்பதே விளையாட்டு என்பது அவர் கருத்து. அந்தக் கடினத்தைக் கமுக்கமாகக் குறைத்துக்கொள்பவர் மற்றவர்கள் ஆடும் ஆட்டத்தை ஆடவில்லை. இந்த நோக்கில், தடை எழுதப்படுவதற்கு முன்பும் இரத்தமேற்றல் ஆட்டத்தின் பொருளைக் குலைத்தது என்று வாதிடலாம்.

இதற்கு எதிர்வாதமும் வலுவானது. உயரமான மலைப்பகுதியில் சில வாரங்கள் தங்கினால் உடல் தானே சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்ளும். அது அன்றும் இன்றும் அனுமதிக்கப்பட்ட பயிற்சி. ஆக்சிஜனைக் குறைத்த கூடாரங்களில் உறங்குவதையும் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை 2006-இல் பரிசீலித்து, தடைசெய்யவேண்டாம் என்றே முடிவெடுத்தது. மூன்று வழிகளிலும் விளைவு ஒன்றுதான். இரத்தத்தில் சிவப்பணு கூடுகிறது. உடல் தன் உழைப்பால் எட்டுவதையும் ஊசிவழி நேரே சேர்ப்பதையும் எங்கே பிரிப்பது என்பதை விளையாட்டு உலகமே நீண்ட விவாதத்துக்குப் பிறகுதான் வகுத்தது. அந்தக் கோடு வரையப்படும் முன் அதைத் தாண்டியவரிடம் குறை காணலாம். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்வது மிகை.

விதிகள் மாறும்போது தீர்ப்புகளும் மாறுவதை வேறொரு பின்லாந்து வீரரின் வாழ்க்கை காட்டுகிறது. ஒன்பது ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற பாவோ நூர்மி, ஓட்டத்துக்குப் பணம் பெற்றார் என்ற குற்றச்சாட்டின்பேரில் 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலக்கப்பட்டார். இருபது ஆண்டுகள் கழித்து ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் சுடரை ஏந்தி வந்தவர் அவரே. வீரர்கள் பணம் பெறுவதை இன்று எவரும் இழுக்காகக் கருதுவதில்லை. ஒரு காலத்தின் விதியை மற்றொரு காலத்தின் மனிதர்மீது சுமத்துவதில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதை நூர்மியின் கதை உணர்த்துகிறது.

நபரும் நடைமுறையும்

ஐயத்தின் அறத்தைப் பற்றி மிக நுணுக்கமாக எழுதிய சமயச் சிந்தனையாளர்களுள் ஒருவர், 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ். தம் பெருநூலான ‘சும்மா தியோலஜியே’யில் ஐயத்தை வைத்துத் தீர்ப்பளிப்பது முறையா என்று அவர் தனியே ஆராய்கிறார். ஐயத்தை மூன்று படிகளாகப் பிரிக்கிறார். சிறு அறிகுறிகளைக் கண்டு ஒருவரின் நல்லியல்பில் ஐயம் கொள்ளத் தொடங்குவது முதல் படி. மனித வாழ்வில் இதை முற்றிலும் தவிர்க்க இயலாது. அதே அறிகுறிகளை வைத்து அவர் தீயவர் என்று உறுதிகொள்வது இரண்டாம் படி. இது பெரிய தவறு. நீதி வழங்குபவர் ஐயத்தின் பேரிலேயே தண்டிப்பது மூன்றாம் படி. இது நேரடி அநீதி.

அக்குவினாஸ் இன்னும் ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். ஒரு தீமைக்கு மருந்து தேடும்போது மோசமான நிலை இருப்பதாகவே எண்ணிச் செயல்படலாம். பெரிய நோய்க்கு ஏற்ற மருந்து சிறிய நோயையும் தீர்க்கும். ஒரு மனிதரைப் பற்றி முடிவு சொல்லும்போதோ, ஐயமுள்ளதை அவருக்குச் சாதகமாகவே கொள்ள வேண்டும். நல்லவர் என்று எண்ணிப் பலமுறை ஏமாறுவது, தீயவர் என்று எண்ணிச் சிலமுறை தவறுவதைவிட மேலானது என்பது அவர் துணிபு.

ஊக்கமருந்துச் சிக்கலுக்கு இந்த வேறுபாடு நேரடியாகப் பொருந்துகிறது. சோதனை முறைகளை வகுக்கும்போது எல்லோரையும் ஐயுறுவது நியாயம். அந்த ஐயம்தான் 1999-இல் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையை உருவாக்கியது. பிறர் இரத்தம் ஏற்றியதைக் கண்டறியும் சோதனை 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வந்தது. ஒருவர் தன் இரத்தத்தையே ஏற்றிக்கொள்வதை நேரடியாகக் காட்டும் உறுதியான சோதனை கிடைக்காததால், இரத்த அளவுகளை ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்து மாற்றங்களைக் கவனிக்கும் உயிரியல் பதிவேடு முறை 2009 முதல் நடைமுறைக்கு வந்தது. இவை அனைத்தும் நடைமுறையின்மீது செலுத்தப்பட்ட ஐயத்தின் நற்பயன்கள். அந்த ஐயத்தையே ஒரு தனி மனிதர்மீது முடிவாகத் திருப்பும்போது அது அநீதியாகிறது.

இழந்தவர்களின் உரிமை

ஐயத்தின் பயனை வென்றவருக்கே கொடுத்தால், நேர்மையாக ஓடித் தோற்றவருக்கு என்ன நீதி என்ற கேள்வியை ஒதுக்க முடியாது. புட்டமன்ஸுக்கும் குவாக்ஸுக்கும் தங்கம் மிகக் குறுகிய இடைவெளியில் கைநழுவியது. ஊக்கமருந்து ஒரு திருட்டு என்றால், பறிகொடுத்தவர் என்று சொல்லத்தக்க முகமும் பெயரும் உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

அவர்களுக்கான நீதி சான்றின் வழியாகவே வர முடியும். விரேன் ஐந்தாவதாக வந்த 1976 மாரத்தானில் வென்றவர் கிழக்கு ஜெர்மனியின் வால்டெமார் சியர்பின்ஸ்கி. இரண்டாவது அமெரிக்காவின் ஃபிராங்க் ஷார்ட்டர். ஜெர்மனி ஒன்றிணைந்த பிறகு வெளிவந்த அரசு ஆவணங்கள், கிழக்கு ஜெர்மனியின் ஊக்கமருந்துத் திட்டத்தோடு சியர்பின்ஸ்கியைத் தொடர்புபடுத்தின. அங்கும் பதக்கங்கள் மாறவில்லை. ஆயினும் அந்த ஐயத்துக்கு ஆவணம் என்ற அடித்தளம் உண்டு. வரலாற்றாசிரியர் அதைப் படித்துக் காட்டலாம், மறுப்பவர் அதை எதிர்த்து வாதிடலாம். விரேன்மீதான ஐயத்துக்கு அப்படி ஓர் அடித்தளம் இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது, ஆவணத்தால் நியாயம் கேட்பவரின் வழக்கையும் பலவீனப்படுத்திவிடும். ஆதாரமற்ற ஐயத்தைப் பரப்புவதால் தோற்றவருக்கு எதுவும் திரும்பக் கிடைப்பதில்லை.

மதிப்பீட்டின் நான்கு நிலைகள்

ஒரு வீரரை மதிப்பிடுவது என்பது உண்மையில் நான்கு தனித்தனிச் செயல்கள். ஒவ்வொன்றுக்கும் வேண்டிய சான்றின் அளவு வேறு.

முதலாவது, பதக்கம். அது விதியையும் நிறுவப்பட்ட மீறலையும் பொறுத்தது. விரேன் விஷயத்தில் இரண்டும் இல்லை. எனவே நான்கு தங்கங்களும் முழுமையாக அவருடையவை.

இரண்டாவது, வரலாறு. ஐயம் எழுந்தது என்பதே ஒரு வரலாற்று உண்மை. இரத்தமேற்றல் அக்காலத்தில் இருந்தது, நாட்டவர் ஒருவர் ஒப்புக்கொண்டார், விரேன் மறுத்தார் என மூன்றையும் சேர்த்துப் பதிவுசெய்ய வேண்டும். ஐயத்தை மறைக்கும் புகழுரையும் மறுப்பை மறைக்கும் குற்றச்சாட்டும் ஒரே அளவு பிழையானவை.

மூன்றாவது, பாராட்டு. தரையில் விழுந்த ஓர் ஓட்டக்காரர் எழுந்து, மனம் கலங்காமல் வேகத்தைச் சிறுகச் சிறுக மீட்டு வென்றதை எந்த இரத்த அளவாலும் விளக்கிவிட முடியாது. அந்த மனவுறுதி, நான்கு ஆண்டு தோல்விகளைப் பொறுத்து ஒரு நாளுக்காக உழைத்த பொறுமை, வேகத்தை எங்கே கூட்டுவது என்ற அறிவு ஆகியவை ஐயத்தால் தீண்டப்படாதவை. இவற்றை மனமாரப் பாராட்டலாம்.

நான்காவது, மனிதரின் உள்ளம். அவர் செய்தாரா, செய்திருந்தால் என்ன எண்ணத்தோடு செய்தார் என்பது அவருடைய மனச்சாட்சிக்கும், நம்பிக்கையுள்ளவருக்கு இறைவனுக்கும் உரிய செய்தி. பார்வையாளருக்கு அங்கே தீர்ப்பளிக்கும் இடம் இல்லை.

குற்றமற்றவர் தம் குற்றமின்மையை நிறுவ முடியாத வழக்கில், குற்றம் சாட்டுபவரின் பொறுப்பு இரு மடங்காகிறது. ஐயுறுபவரும் ஒரு செயலைச் செய்கிறார். அதற்கு அவரே பொறுப்பு. ஐயம் எழும்போது அதைக் கேள்வியாக வைத்திருங்கள். சோதனைகளைக் கடுமையாக்கவும் ஆவணங்களைத் திறக்கவும் அதைப் பயன்படுத்துங்கள். சான்று வந்தால் தயங்காமல் தீர்ப்பை மாற்றுங்கள். சான்று வராதவரை லாசே விரேன் நான்கு முறை ஒலிம்பிக் தங்கம் வென்ற ஓட்டக்காரர்; அவரைப் பற்றி நியாயமாகச் சொல்லக்கூடிய தீர்ப்பு அதுவே.